மெழுகுசீலை

2015 டிசம்பர் 2ஆம் தேதி விடியும்போது முடிச்சூரில் எங்கள் வாடகை வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்திருந்தது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்த கணக்கு. அன்றைக்குத் தெரிந்தது, ஹால் பீரோ மெதுவாகச் சாய்ந்தது மட்டும்தான். அதன் தலையில் இரண்டு பொருட்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று ஏற்றி வைத்திருந்தோம். ஒன்று, வாங்கி ஆறு மாதமே ஆன என் லேப்டாப் பை. உள்ளே என் பி.இ. சான்றிதழ்கள். பையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று லேபிள் இருந்தது. இன்னொன்று தாத்தாவின் ஹோல்டால். இரண்டும் தண்ணீரில் விழுந்தன. நாங்கள் மாடி வீட்டுக்காரர்கள் தயவில் மேலே போய்விட்டோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து கீழே வந்து திறந்து பார்த்தோம். எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் ஈர அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்கப் பிரிக்கக் கிழிந்தது. ஹோல்டால் ஒரு ஆள் கனம் கனத்தது, நாறியது. ஆனால் அதன் உள்பையில் சணல் கயிறு கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. பழுப்பு நிறம், விரைப்பான துணி, மடிப்புகளில் வெடிப்பு. பிரித்தால் உள்ளே தாத்தாவின் பென்ஷன் ஆர்டர், பணிப்பதிவேட்டின் நகல், பாட்டி எழுதிய சில இன்லண்ட் கடிதங்கள். ஓரங்கள் மட்டும் நனைந்திருந்தன. எழுத்து அப்படியே இருந்தது.

“இது என்னம்மா துணி?” என்றேன்.

“மெழுகுசீலைடா. தாத்தா ஆபீஸ்லேர்ந்து கொண்டு வந்தது” என்றார் அம்மா, ஏதோ துடைப்பத்தின் பெயரைச் சொல்வது போல.

அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அடுத்த வருடம் மறைமலை நகருக்குக் குடிவந்தோம். கொஞ்சம் மேடு, என் கம்பெனிக்கும் பக்கம். ஹோல்டாலை வெயிலில் காயப்போட்டுப் பரணில் ஏற்றினோம். நானும் மறந்துவிட்டேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு ராத்திரி இன்ஸ்டாகிராமில் ஒரு பை விளம்பரம் வந்தது. ‘வேக்ஸ்டு கேன்வாஸ்’, கையால் செய்தது, ஸ்காட்லாந்துக் கடலோடிகளின் மரபு, பேரன் காலம் வரை உழைக்கும். இறக்குமதி வரியோடு விலை பதினாறாயிரத்துச் சொச்சம். வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். கார்டு நம்பர் கூட அடித்தாயிற்று. விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, மடிப்பில் வெளிறி வெடித்த அந்தப் பழுப்பு நிறத்தை ஏற்கெனவே எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன்.

*

மறைமலை நகரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொருளின் தமிழ்ப் பெயரைத் துருவுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1980இல் சென்னைக்குத் துணை நகரமாக ஜி.எஸ்.டி. ரோட்டோரம் உருவாக்கத் தொடங்கிய ஊர் இது. பெரும்பாலும் கார் தொழிற்சாலைக்காகத்தான் வெளியே தெரியும். 1999இலிருந்து கார் செய்த ஃபோர்டு 2022இல் நிறுத்தியதும் அதற்கும் தெரியாமல் போனது. ஆனால் பெயர் மறைமலையடிகளுடையது. வேதாசலம் என்ற தன் பெயரை, வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை என்று பிரித்து மறைமலை ஆக்கிக்கொண்டவர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வாழ்ந்தது இதே ரோட்டில் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் பல்லாவரத்தில். அவர் பேரில் இருக்கும் ஊரில் வேக்ஸ்டு கேன்வாஸ் என்று வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் மெழுகுசீலை இருக்கிறது. மெழுகு பூசிய துணி, நீர் புகாத துணி என்று பொருள் போட்டிருக்கிறார்கள். யாரோ தூய தமிழ் ஆர்வலர் உட்கார்ந்து கண்டுபிடித்த சொல் இல்லை, புழக்கத்தில் இருந்த சொல். மெழுகு என்பது தேன்மெழுகு. மெழுகுதல் என்பது வாசலில் சாணி மெழுகுவது. பொருளும் அதைப் பூசுகிற வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. சீலை என்றால் சேலை என்று நினைத்துக்கொள்வோம், பழைய வழக்கில் எந்தத் துணியும் சீலைதான்.

பக்கத்துச் சொற்கள் இன்னும் சுவாரசியம். தார்ப்பாய் என்பது டார்பாலினின் தமிழ் உச்சரிப்புதான். ஆனால் நம்மாட்கள் அதை ‘பாய்’ ஆக்கியதில் ஒரு அழகு இருக்கிறது. பாய்மரத்தில் கட்டுவதும் பாய், படுக்க விரிப்பதும் பாய். ஆங்கிலத்தில் கேன்வாஸ் என்ற சொல் கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது, சணப்ப நாரில் நெய்ததால். கெட்டித் துணிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் டக். வாத்து இல்லை, டச்சு மொழியில் ‘டூக்’ என்றால் துணி. நாம் சொல்லும் கித்தானுக்கு அரபியின் ‘கத்தான்’, அதாவது ஆளிநார்த் துணி, தூரத்து உறவாக இருக்கும் என்பது என் அனுமானம். கோணி மட்டும் எதிர்த் திசையில் போயிருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதைத்தான் ‘கன்னி’ என்றார்கள். துறைமுகத்தில் மூட்டை கைமாறுகிற மாதிரி சொல்லும் கைமாறியிருக்கிறது.

*

துறைமுகம் என்றேன். மதராஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை அது கிடையாது. மெழுகுசீலையின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியது துணிக்காக. லாங் கிளாத், சலம்பூர், மூரி, பூப்போட்ட சீட்டி. நெய்கிறவர்களும் சாயம் போடுகிறவர்களும் கரையோரம் இருந்தார்கள், கப்பலுக்குத்தான் நிற்க இடமில்லை. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழக்கடலில் தள்ளி நங்கூரம் போட்டன. நடுவில் இருப்பது நாம் மெரினாவில் கால் நனைக்கும் அதே அலை. அதைத் தாண்ட மசூலாப் படகு. ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிறால் தைத்தது. அலை அடித்தால் உடையாமல் நெளியும். நெளிகிற படகுக்குள் தண்ணீர் வராமல் இருக்குமா? ஆட்கள் மொண்டு ஊற்றிக்கொண்டே போவார்கள். பத்து மாதம் காத்திருந்து நெய்து வாங்கி, வெளுத்து, மடித்து, எண்ணி வைத்த துணிக்கு முதல் ஆபத்து நன்னம்பிக்கை முனையில் இல்லை, கோட்டை வாசலுக்கு எதிரே அரை மணி நேரப் பயணத்தில். அதற்குப் பிறகு ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும், கப்பலின் அடித்தட்டில் ஈரக்காற்று.

அதனால்தான் கட்டு கட்டுவது தனி வேலையாக இருந்தது. துணியை அடுக்கி இறுக்கி, மெழுகுசீலையால் சுற்றி, அதன்மேல் கோணி போட்டுத் தைத்து, கயிறு பிணைத்து, அடையாளமும் எண்ணும் போடுவார்கள். கம்பெனிக் காலத்து ஆவணங்களில் ‘வேக்ஸ் கிளாத்’ என்று வருவது இதுதான். கோணி உராய்வுக்கு, மெழுகுசீலை தண்ணீருக்கு. இன்றைக்கு நாம் மென்பொருளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பாதுகாப்பு அடுக்குகள் வைப்போம், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று. அதே யோசனைதான். நனைந்து போன கட்டு லண்டன் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும். துணியின் லாபம் முழுக்க அதைச் சுற்றிய துணியை நம்பி இருந்தது.

1742இல் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையில் சீட்டிக்குச் சாயம் போடும் முறையை விவரமாக எழுதி ஊருக்குக் கடிதம் அனுப்பினார். இப்போதைய மொழியில் சொன்னால் தொழில் ரகசியக் கசிவு. (பிற்பாடு சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சு அறிஞர்களுக்கு எழுதிக் காட்டியவரும் இவரேதான். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.) அவர் விவரித்த வேலையில் மெழுகுக்குப் பெரிய இடம் உண்டு. அவுரி நீலத்தில் முக்கும்போது எந்த இடத்தில் நீலம் ஏறக் கூடாதோ அங்கெல்லாம் உருக்கிய மெழுகைப் பூசிவிடுவார்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். ஆக, துணிக்குள்ளும் மெழுகு வேலை செய்தது, வெளியேயும் செய்தது. உள்ளே பூசிய மெழுகு பூவாக நின்றது. அந்தத் துணியின்மேல் ஐரோப்பாவுக்கு இருந்த பைத்தியம் தாங்காமல் பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701இலும், அது போதாமல் 1721இலும் போட்டது. இன்றைக்கு அதே சீட்டித் துணிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மங்கலான விளக்கு வெளிச்சத்தில் இருக்கின்றன. சுற்றி வந்த சீலையை யார் எடுத்து வைப்பார்கள்? நீங்களும் நானும் அமேசான் அட்டைப்பெட்டியை எடுத்து வைக்கிறோமா?

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. ஸ்காட்லாந்தில் மெழுகுத் துணி ஒரு ‘பொருள்’ ஆனது. அங்கேயும் ஆரம்பத்தில் கடல்தான். ஆளிநார்ப் பாய்மரத் துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். கிழிந்த பாயைக் கடலோடிகள் வெட்டி மழைக்கோட்டு தைத்துக்கொண்டார்கள். ஆர்ப்ரோத் ஊரில் வெப்ஸ்டர் குடும்பம் 1795இலிருந்து பாய்த் துணி நெய்தது. 1894இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் பார்பர் கடை வந்தது. 1930களில் எண்ணெய்க்குப் பதில் பாரஃபின் மெழுகு வந்தது. கோட்டானது, பையானது, ராணி போட்டுக்கொண்டார், பதினாறாயிரம் ஆனது. இங்கே அதே பொருள் கடைசிவரை பொட்டலக் காகிதமாகவே இருந்து செத்தது. பெயர் உள்ளே இருந்த துணிக்கே போனது.

*

முழுதாகச் சாகவில்லை, தபாலில் கொஞ்ச காலம் தங்கியிருந்தது. தாத்தாவின் பொட்டலத்துக்கு வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

மதராஸில் பொதுத் தபால் நிலையம் 1786இல் வந்தது. கடிதத்தை ஓட்டக்காரர்கள் கொண்டுபோனார்கள், சலங்கை கட்டிய தடியோடு, ஏழெட்டு மைலுக்கு ஒருவர் மாறி. பார்சலுக்கு வேறு ஆள். ஒரு மூங்கில் கழி, இரண்டு முனையிலும் பெட்டி அல்லது கூடை. வடக்கே அதற்கு பங்கி என்று பெயர், நமக்குக் காவடி. பழனிக்குப் போகிற அதே காவடிதான், தோளில் முருகனுக்குப் பதில் கலெக்டரின் புத்தகங்களும் மருந்துப் புட்டிகளும். பங்கித் தபாலில் போகிற பார்சலைத் தகரப் பெட்டியில் அடைத்து அல்லது மெழுகுசீலையில் சுற்றி அனுப்புவது வழக்கம். ஐப்பசியில் பாலாறு இறங்கிக் கடக்கிற ஆளின் தோளில் தொங்குகிற மூட்டைக்கு வேறு என்ன வழி? வடக்கே அதற்கு மோம்ஜாமா என்று பெயர். மோம் என்றால் மெழுகு, ஜாமா என்றால் உடை. மெழுகுசீலையும் அதுவும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை.

பிறகு ரயில் வந்தது. மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை வாங்கிய ரப்பர் துணி வந்தது. நம் நாட்டில் 1920இல் சுரேந்திர மோகன் போஸ் கல்கத்தாவில் பெங்கால் வாட்டர்ப்ரூஃப் தொடங்கினார், டக்பேக் என்ற பெயரில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ரப்பர் வாடையோடு புதுப்பை மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. இதற்கெல்லாம் முன்னால் தேன்மெழுகு பூசிய துணி நிற்க முடியுமா? மெழுகு இருந்த இடத்தில் கடைசியில் மிஞ்சியது அரக்கு முத்திரைதான். வெளிநாட்டுப் பார்சலை வெள்ளைத் துணியில் தைத்து, தையல் மேலே அரக்கு வைத்து அனுப்பிய காலம் நம் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

தாத்தா ஆர்.எம்.எஸ். சார்ட்டர். எழும்பூருக்கும் திருச்சிக்கும் இடையே மீட்டர்கேஜ் வண்டியின் சிவப்புப் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதம் பிரித்தவர். இந்த மறைமலை நகரை அவர் ஆயிரம் முறை தாண்டியிருப்பார், ஊரே இல்லாத காலத்தில், இருட்டில். இறங்கிய ஊரில் ஓய்வு அறையில் விரித்துப் படுக்கத்தான் ஹோல்டால். அதன் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் முதலெழுத்தும் இருக்கும். அவர் எழுத்துதான், கடிதக் கட்டுக்கு ஸ்லிப் எழுதுகிற அதே குண்டு எழுத்து.

ஹோல்டாலுக்கும் ஒரு சாவுத் தேதி உண்டு, பலருக்கும் அது தெரியாது. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு மரப்பலகைகளின் மேல் இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போடச் செய்தார். நல்ல காரியம், பல கோடி முதுகுகள் வாழ்த்தியிருக்கும். மெத்தை வந்தபிறகு படுக்கையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு எதற்குப் போக வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாக எல்லா ஹோல்டாலும் பரணுக்குப் போனது, எங்களுடையது போல.

*

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு கடை உண்டு. தகரக் கொட்டகை, தரையில் விரித்த கித்தான், ஓரத்தில் ஒரு கனமான தையல் மெஷின். ஹோல்டாலைத் தூக்கிக்கொண்டு போனேன். வெட்டிப் பை தைக்க வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் கேட்டதற்கு, “பரண்ல இருந்து என்ன பண்ணப்போகுது” என்றார். ஆனால் அன்று சாயங்காலம் அதை எடுத்து ஒருமுறை ஹாலில் முழுசாக விரித்துப் பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தார்.

கடைக்காரர் துணியை இரண்டு கையால் இழுத்தார், நகத்தால் சுரண்டினார், மோந்து பார்த்தார்.

“தம்பி, இது செத்துப்போன துணி இல்ல. மடிப்புல மட்டும் போயிருக்கு, அத விட்டு வெட்டிக்கலாம். ஆனா இந்த மாதிரிக் கித்தான் இப்ப யாரு கேக்குறா? எல்லாம் பிளாஸ்டிக் ஷீட்தான். வெயில்ல ஒரு வருஷம், கிழிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற.”

“மெழுகு ஏத்தித் தருவீங்களா பாய்?”

“மெழுகா?” சிரித்தார். “எங்க வாப்பா காலத்துல பண்ணுவாங்க, லாரிப் பாய்க்கு. நான் பாத்ததோட சரி. நீங்க ஏத்திக்கங்க, நான் தைச்சுத் தரேன்.”

போனில் ஸ்காட்லாந்துப் பையின் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வார் எங்கே இழுவை வாங்கும், அடித்தட்டுக்கு ஏன் இரட்டைத் துணி வேண்டும், பக்கிள் எங்கே வரக் கூடாது என்று கித்தான் மேலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினார். படத்தில் இருந்த பையின் ஒரு மூலையில் விரலை வைத்து, “இந்த எடத்துல ரிவிட் அடிச்சிருக்கான். தப்பு. ரெண்டு வருஷத்துல துணிய அறுக்கும்” என்றார். நான்கு நாளில் தைத்துக் கொடுத்தார். கூலி 900 ரூபாய்.

பதினாறாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தவன் நான். அவர் கையில் 1500 கொடுத்தேன். கொடுக்கும்போது தாராளமாக நடந்துகொண்ட மாதிரி இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பொத்தேரி சிக்னல் வருவதற்குள் அந்த உணர்ச்சி போய்விட்டது.

*

மெழுகு ஏற்றிய கதைக்கு வருகிறேன். இணையத்தில் எல்லா வீடியோவும் குளிர்நாட்டு ஆட்கள் போட்டவை. பாதி தேன்மெழுகு, பாதி பாரஃபின், உருக்கித் தூரிகையால் பூசு, ஹேர் டிரையர் காட்டு. அப்படியே செய்தேன். பை அழகாகத்தான் இருந்தது, கீறினால் வெளிறிக் கோடு விழுந்தது, விளம்பரத்தில் வருவது போலவே.

அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் போனேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் துணி வாங்க வந்து உட்கார்ந்த இடம் அது. மெல்லிய மஸ்லினுக்குப் பேர்போனது. 1824 ஒப்பந்தப்படி ஆங்கிலேயருக்குப் போனது. இப்போது கல்பாக்கம் பக்கத்தில் ஒரு செங்கல் கோட்டையின் மிச்சம். பூவேலை செய்த கல்லறைக் கற்கள், இடிந்த கிடங்குகள். கிடங்கு வாசலில் நின்று, இங்கேதான் கட்டு கட்டியிருப்பார்கள், மெழுகு வாடை அடித்திருக்கும் என்று பெரிய வரலாற்று மனநிலையில் பையைக் கழற்றினேன். சட்டையும் சேர்ந்து வந்தது. முதுகில் ஒரு அடி அகலத்துக்கு மெழுகு.

தேன்மெழுகு உருகுவது 62இலிருந்து 64 டிகிரியில். பாரஃபின் ரகத்தைப் பொறுத்து ஐம்பதிலேயே கூட உருகும். உருக வேண்டும் என்றுகூட இல்லை, அதற்கு நிறைய முன்னாலேயே இளகிவிடும். மே மாத வெயிலில் நின்ற கறுத்த துணியும் ஒரு மனித முதுகும் சேர்ந்தால் போதும். அப்படியானால் இதே கரையில், இதே மே மாதத்தில், கப்பல் அடித்தட்டின் புழுக்கத்தில் வெள்ளைத் துணிக்கட்டின்மேல் மெழுகுசீலை எப்படி ஒட்டாமல் இருந்தது? ஆளிவிதை எண்ணெய் பூசலாமே என்றால் அது வேறு சங்கடம். அந்த எண்ணெய் காய்வது ஆக்சிஜனோடு சேர்ந்துதான், சேரும்போது சூடு பிறக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் காற்றோட்டமில்லாமல் வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

பதில் மாதிரி ஒன்று சுவாமிமலையில் கிடைத்தது. வேறு வேலையாகக் கும்பகோணம் போனவன் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குள் நுழைந்தேன். வெண்கலச் சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள் அல்லவா, அந்த மெழுகு வெறும் மெழுகு இல்லை. தேன்மெழுகோடு குங்கிலியம் பொடித்துச் சேர்த்து, கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் விரைப்பு கொடுக்கும், எண்ணெய் வளைவு கொடுக்கும். காவிரிக்கரை வெயிலில் நடராஜர் விரல் தொங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். மேற்கே மெழுகு ஓவியம் வரைகிறவர்களும் தேன்மெழுகில் டாமர் பிசின் சேர்ப்பது இதற்காகத்தான். குங்கிலியமும் டாமர் வகைதான், கப்பல் பலகை இடுக்கை அடைக்க எண்ணெயோடு காய்ச்சிப் பூசியதும் அந்தப் பிசினைத்தான். கட்டு கட்டியவர்களும் கப்பல் கட்டியவர்களும் ஒரே கரையில் இருந்தவர்கள். ஒருவர் சட்டியில் இருந்தது இன்னொருவர் சட்டிக்குப் போகாமலா இருந்திருக்கும்? ஆவணம் காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை, என் பைதான் இருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கினேன். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கில் தொடங்கி மூன்று பங்கு வரை போனேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தால் மெழுகு உருகுகிறது, குங்கிலியம் அசையவில்லை. நேரடித் தீயில் வைக்க வேண்டியிருந்தது. வீடு முழுக்கப் புகை.

“வெள்ளிக்கிழமைகூட இல்லியே, யாருக்குடா சாம்பிராணி போடுற?” என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

இரண்டரைப் பங்கில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் மடிப்பில் நொறுங்கியது. அடுத்த மே மாதம் பைக் டேங்கின் மேல் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். இளகியது, ஆனால் ஒட்டவில்லை. பரணில் இருந்து எடுத்த தாத்தாவின் மெழுகுசீலையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய அலமாரி வாடைதான் வந்தது. எனக்கென்னவோ அடியில் குங்கிலியம் இருக்கிற மாதிரி பட்டது. நான் அப்படி நினைக்க ஆசைப்பட்டேன் என்பதும் உண்மை.

*

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மறைமலை நகர் அவ்வளவாக மூழ்கவில்லை. ஆனால் நான் அன்று முட்டாள்தனமாகத் தாம்பரம் வரை போய் மாட்டிக்கொண்டேன். மூன்று மணி நேரம் மழையில் நடந்தேன், பை முதுகில். வீட்டுக்கு வந்து திறந்தால் லேப்டாப் காய்ந்திருந்தது. துணி வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் வாரைத் தைத்த இடத்துக்கு நேர் கீழே, உள்ளே ஒரு கோடாக ஈரம்.

மறுவாரம் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஊசி போன எடமெல்லாம் ஓட்டைதான தம்பி. துணிக்கு மெழுகு ஏத்துனீங்க, நூலுக்கு ஏத்துனீங்களா?”

இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனியின் கட்டுகளையும் தபால் பார்சல்களையும் பற்றி ஒரு வருடம் படித்தவனுக்கு, அவற்றையெல்லாம் கடைசியில் யாரோ ஊசியால் தைத்தார்கள் என்பது தோன்றவில்லை.

என்னிடம் மிச்சமிருந்த மெழுகு உருண்டையைக் கேட்டு வாங்கினார். நூலை அதன் மேல் இரண்டு தரம் இழுத்து, கோணி ஊசியில் கோத்து, பழைய தையலைப் பிரித்துக் கையாலேயே திரும்பப் போட்டார். முக்கால் மணி நேரம். உருண்டையை மோந்து பார்த்துவிட்டு, “குங்கிலியம் போட்டிருக்கீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “வாப்பா வேலை செஞ்ச கொட்டாயில இந்த வாசம்தான் அடிக்கும்” என்றார். அதைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், லாரிக்காரர் ஒருவர் ஷீட்டுக்கு ஐலெட் அடிக்க வந்துவிட்டார். கூலி நூறு ரூபாய் சொன்னார். இந்த முறை ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். நூறை எடுத்துக்கொண்டு மீதியைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.

பையின் மூடியைத் திருப்பினால் உள்பக்கம் தாத்தாவின் பெயர் இருக்கிறது. மடிப்பு விட்டு வெட்டியதில் முதலெழுத்து போய்விட்டது, மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது. போன வாரம் ஏதோ தேடும்போது அடியில் ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. சணல் கயிறு கட்டியிருந்தது. பிரித்தால், என் டூப்ளிகேட் மார்க் ஷீட்டுகள் எட்டும், தாத்தாவின் மெழுகுசீலையில். அம்மாவிடம் எப்போது வைத்தீர்கள் என்று கேட்டேன். மழை வரும்னாங்க, வெச்சேன் என்றார்.